மென் நுண்துகள்களின் ஒட்டல் ஆற்றல்: இருள்வட்டத்தை அளப்பதா, வளையங்களை அளப்பதா?

மென்துகள் எழுதியது:

வணக்கம். ஹைட்ரோஜெல் மணிகள் கண்ணாடியில் எவ்வளவு வலுவாக ஒட்டுகின்றன என்பதை நுண்ணோக்கிப் படங்களிலிருந்து தானாகக் கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். ஒரே படத்துக்கு இரண்டு வழிகள் இரண்டு விடைகளைத் தருகின்றன. எதை நம்புவது என்று தெரியவில்லை.

பாலிஎத்திலீன் கிளைகால் மணிகள். ஆரம் 5 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை. யங் குணகம் (பொருளின் விறைப்பின் அளவு) ஏறத்தாழ 30 கிலோபாஸ்கல். அணுவிசை நுண்ணோக்கியால் அழுத்தி அளந்தது. புரதம் பூசிய கவர் ஸ்லிப்பின் மேல், உப்புக் கரைசலுக்குள் மணிகள் தாமாகப் படிகின்றன. கீழிருந்து 546 நானோமீட்டர் பச்சை ஒளியைச் செலுத்தி, எதிரொளிப்புக் குறுக்கீட்டு நுண்ணோக்கியில் படம் எடுக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஓர் இருண்ட வட்டம், அதைச் சுற்றி நியூட்டன் வளையங்கள் தெரிகின்றன.

முதல் வழி: ஒட்சு முறையில் வரம்பு மதிப்பைத் தேர்ந்து, இருண்ட வட்டத்தின் பரப்பை எண்ணி, அதிலிருந்து தொடு ஆரத்தை (மணி கண்ணாடியைத் தொடும் வட்டத்தின் ஆரத்தை) கணக்கிடுகிறேன்.

இரண்டாம் வழி: மையத்தைச் சுற்றிச் சராசரி எடுத்து, ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கங்களைக் கண்டுபிடிக்கிறேன். ஒரு பிரகாச வளையத்துக்கும் அடுத்த பிரகாச வளையத்துக்கும் இடையே மணியின் அடிப்பரப்பு 205 நானோமீட்டர் உயர்கிறது (அலைநீளத்தை நீரின் ஒளிவிலகல் எண் 1.33-இன் இருமடங்கால் வகுத்தது). உயரத்தை வளைய ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு கிடைக்கிறது. சாய்விலிருந்து மணியின் ஆரம். கோடு உயரம் சுழியைத் தொடும் இடத்திலிருந்து தொடு ஆரம்.

இரண்டு ஆரங்களையும் ஜே.கே.ஆர். சமன்பாட்டில் (தொடு ஆரத்திலிருந்து ஒட்டல் ஆற்றலைத் தரும் விதியில்) இட்டால், இரண்டாம் வழி தரும் ஒட்டல் ஆற்றல் முதல் வழி தருவதில் பாதிக்கும் குறைவாக இருக்கிறது. ஏதோ ஒரு மணியில் மட்டும் அல்ல, எல்லா மணிகளிலும் ஒரே திசையில். இரைச்சலாக இருந்தால் இரு பக்கமும் சிதறியிருக்குமே? அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

---

நிரல்வழி எழுதியது:

முதல் வழியைத்தான் நான் சந்தேகிப்பேன். ஒட்சு முறை 1979-இல் வந்தது. பின்னணி, பொருள் என இரண்டு திரள்களாகப் பிரியும் படங்களுக்கு அது அருமையானது. உங்கள் படத்தில் அப்படி இரண்டு திரள்கள் இல்லை. இருண்ட வட்டம், பிரகாச வளையம், மீண்டும் இருள், எல்லாவற்றுக்கும் இடையில் சாம்பல் நிறப் பின்னணி. படச்சட்டத்துக்குள் எத்தனை வளையங்கள் விழுகின்றன என்பதைப் பொறுத்தே வரம்பு மதிப்பு நகரும். பெரிய மணிக்கு ஒரு வரம்பு, சிறிய மணிக்கு வேறொரு வரம்பு என்றால், அளவுகோலே மணிக்கு மணி மாறுகிறது.

இன்னொன்று. ஹைட்ரோஜெல்லின் ஒளிவிலகல் எண் நீரை ஒட்டியே இருக்கும். 0.01 மட்டுமே வேறுபாடு என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். கண்ணாடி-நீர் எல்லையில் எதிரொளிக்கும் அலையின் வீச்சு 0.067, நீர்-ஜெல் எல்லையில் 0.0037. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் ஏற்ற இறக்கம் பின்னணி ஒளியில் பத்தில் ஒரு பங்குதான். விளக்கு ஒளி ஓரத்தில் சற்று மங்கினாலே அது இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். மணிகள் இல்லாத இடத்தில் எடுத்த வெற்றுப் படத்தால் ஒவ்வொரு படத்தையும் வகுக்கிறீர்களா? கழித்தால் போதாது, வகுக்க வேண்டும்.

---

மென்துகள் எழுதியது:

ஆம், வகுக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் அடுத்தடுத்த பல படங்களைச் சராசரியும் எடுக்கிறேன். வரம்பு மதிப்பை முதல் பிரகாச வளையத்துக்கும் வட்ட நடுவுக்கும் சரிபாதியில் கையாலேயே நிறுத்திப் பார்த்தும் வேறுபாடு மறையவில்லை.

---

மீட்சிவிதி எழுதியது:

மறையாது. ஏனென்றால் இரண்டாம் வழி அளப்பது தொடு ஆரத்தை அல்ல. படப் பகுப்பாய்வு சரியாகவே வேலை செய்கிறது. அதன் விடைக்கு நீங்கள் வைத்திருக்கும் பொருள்தான் வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1971-இல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் மூவரும் தந்த ஜே.கே.ஆர். விதி, வெளிச்சுமை எதுவும் இல்லாத நிலையில் இப்படி அமைகிறது: தொடு ஆரத்தின் கனம் (மூன்றாம் அடுக்கு) என்பது 6 × பை × ஒட்டல் ஆற்றல் × மணி ஆரத்தின் வர்க்கம், அதைப் பயனுறு குணகத்தால் வகுத்தது. பயனுறு குணகம் என்பது யங் குணகத்தை (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்) என்பதால் வகுத்து 4/3-ஆல் பெருக்குவது. உங்கள் 30 கிலோபாஸ்கல் மணிக்கு, பாய்சான் விகிதம் 0.5 என்றால், 53 கிலோபாஸ்கல். ஆரம் 10 மைக்ரோமீட்டர், ஒட்டல் ஆற்றல் சதுர மீட்டருக்கு 100 மைக்ரோஜூல் என்று வைத்தால் தொடு ஆரம் 1.5 மைக்ரோமீட்டர் வருகிறது.

இப்போது மணி எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். ஹெர்ட்ஸ் 1882-இல் தீர்த்த, ஒட்டுதலே இல்லாத தொடர்பில், அமிழ்வு என்பது தொடு ஆரத்தின் வர்க்கத்தை மணி ஆரத்தால் வகுத்தது. ஜே.கே.ஆர். விதியில், சுமை சுழியாக இருக்கும்போது, அதில் மூன்றில் ஒரு பங்குதான். மணியை யாரும் மேலிருந்து அழுத்தவில்லை; விளிம்பில் உள்ள பொருளை ஒட்டுதல்தான் கண்ணாடியை நோக்கி இழுத்துக்கொள்கிறது. அதனால் தொடர்பு அகலமாக இருந்தும் மணியின் மையம் அதிகம் இறங்கவில்லை.

உங்கள் நேர்க்கோடு வெளி வளையங்களிலிருந்து கிளம்புகிறது. அங்கே மணி இன்னும் குலையாத கோளம். அந்தக் கோளத்தைக் கண்ணாடிக்குள் நீட்டினால் அது கண்ணாடியை வெட்டும் வட்டத்தின் ஆர வர்க்கம் = 2 × மணி ஆரம் × அமிழ்வு. அமிழ்வுக்கு மேற்சொன்னதை இடுங்கள்: தொடு ஆர வர்க்கத்தில் 2/3. அதாவது நீங்கள் காணும் ஆரம் உண்மைத் தொடு ஆரத்தில் 0.82 பங்கு. ஜே.கே.ஆர். விதி கனத்தைக் கேட்கிறது, 0.82-இன் கனம் 0.54. ஒட்டல் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அங்கேயே போய்விட்டது.

திருத்தம் எளிது. நேர்க்கோடு தரும் ஆர வர்க்கத்தை 1.5-ஆல் பெருக்குங்கள்.

---

மென்துகள் எழுதியது:

மிக்க நன்றி. இரவு முழுவதும் நிரலில் பிழை தேடியிருப்பேன். ஆனால் ஓர் ஐயம். உள் வளையங்கள் தொடு விளிம்புக்கு அருகில் இருக்கின்றனவே? அங்கே கோளம் குலைந்திருக்காதா? அப்படியானால் நேர்க்கோடு எப்படிப் பொருந்துகிறது?

---

மீட்சிவிதி எழுதியது:

நல்ல கேள்வி. சுமை சுழி என்பதால் உருக்குலைவு விளிம்பைத் தாண்டியதும் வேகமாகத் தணிகிறது. மேலே எடுத்த அதே மணிக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து தொடு ஆரத்தின் 1.3 மடங்கில், முழுத் தீர்வு தரும் இடைவெளி 113 நானோமீட்டர். அமிழ்ந்த கோளம் தருவது 118. ஒன்றரை மடங்கில் வேறுபாடு 3 நானோமீட்டர். இரண்டு மடங்கில் 1 நானோமீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. முதல் பிரகாச வளையமே 103 நானோமீட்டர் உயரத்தில்தான் தோன்றுகிறது. ஆகவே உங்கள் வளையங்கள் அனைத்தும் கோளம் கோளமாகவே இருக்கும் பகுதியில் விழுகின்றன. கோடு நேராக இருப்பதில் வியப்பில்லை. அது நேராக இருப்பதாலேயே அது தொடு விளிம்பைக் காட்டுகிறது என்று நம்பிவிடக் கூடாது.

---

ஒளிமுனை எழுதியது:

மீட்சிவிதி சொன்னது பாதிக் கதை. முதல் வழியும் தவறுகிறது, எதிர்த்திசையில்.

ஜே.கே.ஆர். விளிம்பு ஒரு விரிசலின் முனையைப் போன்றது. இடைவெளி விளிம்பிலிருந்து தூரத்தின் வர்க்கமூலமாக விரிகிறது. தொடக்கத்தில் செங்குத்தாக எழுந்தாலும், 51 நானோமீட்டர் உயரம் வரும்வரை ஒளிச்செறிவு பாதி ஏற்றத்தைக்கூட எட்டுவதில்லை. நீங்கள் வரம்பை வைத்திருப்பது அந்தப் பாதியில்தான். மீட்சிவிதி எடுத்த எண்களையே எடுத்தால், இடைவெளி 51 நானோமீட்டர் ஆகும் இடம் தொடு ஆரத்தின் 1.10 மடங்கில் இருக்கிறது. கண்ணாடியை இன்னும் தொடாத 150 நானோமீட்டர் அகல வளையத்தை 'ஒட்டியது' என்று சேர்த்து எண்ணுகிறீர்கள். 1.10-இன் கனம் 1.33. ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு மிகைப்படுகிறது.

ஒரு வழி 0.54, மற்றது 1.33. வகுத்தால் 0.41. நீங்கள் சொன்ன 'பாதிக்கும் குறைவு' இதுதான்.

இந்த மிகை எல்லா மணிகளுக்கும் ஒரே விகிதத்தில் இருந்தால் கவலைப்படாமல் விட்டுவிடலாம். அப்படி இல்லை. விளிம்புக்கு அருகில் இடைவெளியின் வடிவத்தைத் தீர்மானிப்பது ஒட்டல் ஆற்றலுக்கும் குணகத்துக்கும் உள்ள விகிதம். அதனால் வெளிநோக்கிய நகர்வு மணியின் அளவைப் பெரிதும் சாராமல் கிட்டத்தட்ட ஒரே நீளமாக இருக்கும். சிறிய மணியில் அது பெரிய பிழை, பெரிய மணியில் சிறிய பிழை. இன்னும் மோசம்: ஒட்டல் பலவீனமாக இருந்தால் இடைவெளி மெதுவாக விரிகிறது, நகர்வு நீள்கிறது. பலவீனமாக ஒட்டும் பரப்பைத்தான் வரம்பு முறை அதிகமாக மிகைப்படுத்துகிறது. இரண்டு பரப்புகளை ஒப்பிடுவது உங்கள் நோக்கம் என்றால், அவற்றிடையே உள்ள உண்மையான வேறுபாட்டை அது சுருக்கிக் காட்டும்.

நுண்ணோக்கியின் பிரிதிறனையும் மறக்க வேண்டாம். எண் துளை (லென்ஸ் ஒளியைச் சேர்க்கும் கோணத்தின் அளவு) 1.25 கொண்ட பொருளருகு லென்ஸில் 546 நானோமீட்டர் ஒளிக்கு அது 218 நானோமீட்டர். அந்த விளிம்பு வளையத்தைவிடப் பெரியது. பிக்சல்களை எவ்வளவு நுணுக்கமாக இடைச்செருகினாலும் விளிம்பு தானாகக் கூர்மையாகிவிடாது.

---

கயல் எழுதியது:

இவ்வளவு சிக்கல் ஏன்? ஆழ்கற்றல் வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்தால் அது விளிம்பைத் தானே கண்டுபிடிக்காதா? உயிரணுப் படங்களில் யூ-நெட் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. கையால் வரைந்த வட்டங்கள் மென்துகளிடம் ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

நிரல்வழி எழுதியது:

கயல், யூ-நெட் 2015-இல் வந்ததிலிருந்து உயிரணுக்களைப் பிரிப்பதில் பெரிய மாற்றம் வந்தது உண்மை. அதை நானும் பயன்படுத்துகிறேன். இங்கே கேள்வி வேறு. கையால் வட்டம் வரைந்தவர் எதைப் பார்த்து வரைந்தார்? கண்ணுக்கு இருள் முடியும் இடத்தைப் பார்த்து. ஒளிமுனை சொன்ன அதே 10 சதவீத மிகை அந்தக் கையிலும் இருக்கிறது. வலையமைப்பு அதை அப்படியே கற்றுக்கொள்ளும். பிறகு ஆயிரம் படங்களில் ஒன்றுபோல் திருப்பித் தரும். பயிற்சித் தரவோடு ஒப்பிட்டால் துல்லியம் பிரமாதமாக இருக்கும், ஆற்றல் தவறாக இருக்கும்.

வலையமைப்பை நான் வைக்கும் இடம் வேறு: படத்தில் மணிகள் எங்கே இருக்கின்றன, எவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, எதன் அடியில் தூசு சிக்கியிருக்கிறது. இவற்றை அது மனிதரைவிடச் சோர்வில்லாமல் செய்யும். மையம், வளையம், உயரம் என்று வந்தபின் இயற்பியலிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

பயிற்றுவிக்கவே விரும்பினால் செயற்கைப் படங்களால் பயிற்றுவியுங்கள். ஜே.கே.ஆர். தரும் முழு வடிவத்தை எடுத்து, குறுக்கீட்டுச் சமன்பாட்டால் ஒளிச்செறிவாக்கி, லென்ஸின் மங்கலைச் சேர்த்து, கேமரா இரைச்சலைத் தூவி, தொடு ஆரம் தெரிந்த படங்களை உருவாக்குங்கள். வலையமைப்பு இல்லாவிட்டாலும் இந்தப் படங்கள் உங்களுக்கு வேண்டும். எந்த நிரலையும் முதலில் விடை தெரிந்த படத்தில் ஓட்டிப் பார்க்காமல் உண்மைப் படத்தில் ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

---

ஒளிமுனை எழுதியது:

செயற்கைப் படம் உருவாக்கும்போது ஒளியூட்டும் துளையின் அளவையும் கணக்கில் எடுங்கள். எளிய கோசைன் சமன்பாடு செங்குத்தாக வரும் கதிருக்கு மட்டும் பொருந்தும். துளை அகலமாகத் திறந்திருந்தால் சாய்ந்து வரும் கதிர்கள் வெவ்வேறு கட்ட வேறுபாடுகளைச் சேர்த்து வெளி வளையங்களை மங்கவைக்கும், அவற்றின் இடத்தையும் சற்று நகர்த்தும். உயரம் கூடக் கூட இந்த நகர்வும் கூடும். நேர்க்கோட்டின் சாய்வு மாறும், மணியின் ஆரம் மாறும். ரேட்லர், சாக்மன் இருவரும் 1993-இல் கொழுப்புப் படலப் பைகளின் உயரத்தை அளக்க இந்த நுட்பத்தைக் கையாண்டபோது இத்தகைய ஒளியியல் திருத்தங்களைத்தான் கவனமாகக் கையாண்டார்கள். முடிந்தவரை துளையை மூடி, நேரம் கூட்டிப் படம் எடுப்பது எளிய வழி.

மணியின் ஆரத்தைப் பிரகாசப்புலப் படத்தில் தனியாகவும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் உயர அளவீட்டில் ஏதோ கோளாறு.

---

பின்னம் எழுதியது:

எல்லோரும் அளவிட்ட மணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். அளவிடாமல் விட்ட மணிகளைப் பற்றி எனக்குக் கவலை.

மென்துகள், உங்கள் நிரல் எந்த மணிகளைத் தள்ளுகிறது? வளையங்கள் தெளிவாக இல்லை, மையம் கிடைக்கவில்லை, கோடு நேராகப் பொருந்தவில்லை என்று ஏதேனும் ஒரு தர அளவுகோல் வைத்திருப்பீர்கள். எல்லோரும் வைக்கிறோம். ஆனால் பலவீனமாக ஒட்டிய மணி வெப்ப அசைவால் மேலும் கீழும் ஆடுகிறது. பல படங்களைச் சராசரி எடுக்கும்போது அதன் வளையங்கள்தான் முதலில் கரைகின்றன. நிரல் அதைத் 'தரம் குறைந்த படம்' என்று ஒதுக்குகிறது. உண்மையில் அது தரம் குறைந்த படம் அல்ல, ஒட்டாத மணி. ஒட்டாத மணிகளை ஒதுக்கிவிட்டு ஒட்டிய மணிகளின் சராசரியை எடுத்தால், எந்தப் பரப்பும் நன்றாக ஒட்டும் பரப்பாகவே தெரியும்.

கையால் அளக்கும்போது இது கண்ணில் பட்டுவிடும். 'இந்த மணி ஆடுகிறது' என்று குறிப்பேட்டில் எழுதுவோம். தானியங்கி முறையில் அந்த வரி எழுதப்படுவதே இல்லை. தானியக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். ஆனால் சரிசெய்யக்கூடிய குறை.

அளவு சார்ந்த ஒதுக்கலும் உண்டு. பெரிய மணிகள் அக்கம்பக்கத்தைத் தொட வாய்ப்பு அதிகம், எனவே அதிகம் தள்ளப்படும். மிகச் சிறியவற்றில் வளையங்கள் நெருங்கிவிடுவதால் அவையும் போகும்.

நான் செய்யச் சொல்வது: கண்டறியப்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. தள்ளப்பட்டால் அதன் காரணமும் அதே வரியில். தள்ளப்பட்டவற்றில் சிலவற்றைக் குருட்டுத்தேர்வாக எடுத்து ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒட்டாதவை என்று உறுதியானவற்றை 'தொடு ஆரம் இந்த வரம்புக்குக் கீழே' என்ற தரவாகச் சேர்க்க வேண்டும். ஆயுட்காலப் பகுப்பாய்வில் முழுமையாகத் தெரியாத தரவைக் கையாளும் முறைகள் அப்படியே இங்கே பொருந்தும். கட்டுரையில் தள்ளப்பட்ட விகிதத்தைப் பரப்புவாரியாக எழுதுங்கள். இரண்டு பரப்புகளில் அந்த விகிதம் வேறுபட்டால், அதுவே ஒரு முடிவு.

---

மென்துகள் எழுதியது:

இதை நான் யோசிக்கவே இல்லை. தள்ளப்பட்டவற்றின் பட்டியலை இப்போதுதான் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: மணியின் எடை அதைக் கீழே அழுத்துவதால் ஒட்டாத மணியும் சற்றுத் தட்டையாகத் தெரியுமா?

---

மீட்சிவிதி எழுதியது:

எடையை மறந்துவிடலாம். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஜெல் மணி நீரைவிடக் கனமீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி கூடியது என்று வைத்தால், மிதப்பு விசை போக மிஞ்சும் எடை 1 பிகோநியூட்டனுக்கும் குறைவு. அதே மணியில் ஒட்டுதலின் விசை அளவு 9 நானோநியூட்டன். பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. ஆடும் மணியைத் தட்டையாக்க அந்த எடையால் முடியாது.

ஒரு கூடுதல் செய்தி. இரண்டு வழிகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைக் கைவிட வேண்டாம். அவை பொருந்தாமையிலேயே தகவல் இருக்கிறது.

ஒட்டும் விசை தொடு விளிம்புக்கு வெளியேயும் நீண்ட தூரம் எட்டினால் ஜே.கே.ஆர். பொருந்தாது, டெர்யாகின், முல்லர், டோபோரோவ் 1975-இல் தந்த விதிக்கு நெருங்குவோம். அங்கே சுமையில்லாத தொடு ஆரத்தின் கனத்தில் 6 பை இருக்கும் இடத்தில் 2 பைதான். ஒரே தொடு ஆரத்துக்கு ஒட்டல் ஆற்றல் மூன்று மடங்கு வேறுபடும்! எந்த விதியைத் தேர்வது என்பது பிக்சல் பிழைகளை எல்லாம் சிறிதாக்கிவிடும் கேள்வி. டேபர் 1977-இல் தந்த அளபுரு இதைத் தீர்மானிக்கிறது. அது 5-க்கு மேல் போனால் ஜே.கே.ஆர். பொருந்தும். விசையின் எட்டம் 0.3 நானோமீட்டர் என்றால் உங்கள் மணிக்கு அது 100-ஐத் தாண்டுகிறது, கவலையில்லை. ஆனால் பரப்பில் நீண்ட பாலிமர் சங்கிலிகள் இருந்து எட்டம் 10 நானோமீட்டர் ஆனால் அது 4-க்கு இறங்கிவிடுகிறது. புரதம் பூசிய பரப்பு என்கிறீர்கள், எனவே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பார்ப்பது? ஜே.கே.ஆர். நிலையில் நேர்க்கோட்டு ஆரம் உண்மைத் தொடு ஆரத்தைவிடச் சிறியது. மற்ற எல்லையில் வெளிவடிவம் ஹெர்ட்ஸ் வடிவம். அங்கே நேர்க்கோட்டு ஆரம் தொடு ஆரத்தைவிடப் பெரியதாக வரும். ஒளிமுனை சொன்ன மிகையைத் திருத்திய இருள்வட்ட ஆரத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று படமே காட்டும்.

---

கயல் எழுதியது:

பரப்பு இழுவிசையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மிக மென்மையான ஜெல்லில் ஜே.கே.ஆர். தவறும் என்று வாசித்திருக்கிறேன்.

---

மீட்சிவிதி எழுதியது:

சரியாக நினைவூட்டினீர்கள். 2013-இல் மென் சிலிக்கோன் ஜெல்லின் மேல் கண்ணாடி மணிகளை வைத்துச் செய்த ஆய்வு அதைக் காட்டியது. பரப்பு இழுவிசையை யங் குணகத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். தொடர்பு அந்த நீளத்தைவிடச் சிறிதானால் மீட்சியை விட்டுப் பரப்பு இழுவிசை ஆட்சிக்கு வருகிறது. மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன், 3 கிலோபாஸ்கல் என்றால் நீளம் 10 மைக்ரோமீட்டர். மென்துகளின் மணிகள் பத்து மடங்கு விறைப்பானவை. அதோடு, நீரால் நிறைந்த ஜெல்லுக்கும் நீருக்கும் இடையே இழுவிசை மிகக் குறைவு. ஆகவே அச்சம் குறைவு, ஆனால் சோதிக்காமல் விட வேண்டாம்.

சோதனை எளிது. தொடு ஆரத்தை மணி ஆரத்துக்கு எதிராக இரட்டை மடக்கை வரைபடத்தில் இடுங்கள். ஜே.கே.ஆர். என்றால் சாய்வு 2/3. பரப்பு இழுவிசை என்றால் 1. இருள்வட்ட முறையைத் திருத்தாமல் இட்டால் சாய்வு 2/3-க்குக் கீழே இறங்கும், ஏனென்றால் சிறிய மணிகளில் மிகை அதிகம்.

---

நிரல்வழி எழுதியது:

அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி ஆற்றல் கணக்கிடுவதை விட்டுவிட்டு, எல்லா மணிகளையும் ஒரே வரைபடத்தில் வைத்து, தொடு ஆரத்தின் கனத்தை மணி ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிராகப் பொருத்தி, சாய்விலிருந்து ஒரே ஓர் ஆற்றலை எடுப்பதுதான் நல்லது. தனி மணியில் தொடு ஆரம் 7 சதவீதம் பிசகினால் ஆற்றல் 20 சதவீதம் பிசகும். கூட்டத்தில் அது அமுங்கிவிடும்.

---

பின்னம் எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. சீரற்ற பிழை அமுங்கும். ஒருபக்கச் சாய்வு அமுங்காது. கனமாக்கும்போதே சமச்சீரான பிழை மேல்நோக்கிச் சாய்ந்த பிழையாகிவிடுகிறது. அந்தக் கோட்டைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் பெரிய மணிகள்தாம். வர்க்கம் என்பதால் அவற்றின் பிடி அதிகம். எடையிடாமல் பொருத்தினால் சில பெரிய மணிகளின் கதையைக் கூட்டத்தின் கதையாகச் சொல்வோம். நான் தொடு ஆரத்தையே அதன் பிழையோடு பொருத்துவேன், கனத்தை அல்ல. தனி மணிகளின் பரவலையும் வெளியிடுவேன். புரதப் பூச்சு சீராக இல்லாவிட்டால் ஒட்டல் ஆற்றலே இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பரவல் அளவீட்டுப் பிழை அல்ல, பரப்பின் இயல்பு. ஒரே எண்ணாகச் சுருக்கினால் அது தொலைந்துவிடும்.

---

நிரல்வழி எழுதியது:

பொருத்தும் அளவைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தனி மணியின் பரவலில் குணகத்தின் பரவலும் கலந்திருக்கிறதே. ஒரே தொகுதியில் உருவான மணிகளிலும் குறுக்குப்பிணைப்பு ஒன்றுபோல் இருக்காது. குணகம் 20 சதவீதம் மாறினால் ஆற்றலும் அப்படியே 20 சதவீதம் மாறும். மணிக்கு மணி குணகம் அளக்காதவரை அந்தப் பரவலைப் 'பரப்பின் இயல்பு' என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

---

பின்னம் எழுதியது:

உண்மை. அதனால்தான் ஒரே மணித் தொகுதியை இரண்டு பரப்புகளிலும் இடச் சொல்கிறேன். குணகத்தின் பரவல் இரண்டிலும் ஒன்றே. மிஞ்சும் வேறுபாடு பரப்புடையது. பரவல்களை அப்படிப் பிரிக்கலாம்.

---

மென்துகள் எழுதியது:

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. செய்தவற்றைச் சொல்கிறேன்.

செயற்கைப் படங்கள் உருவாக்கிச் சோதித்தேன். நேர்க்கோட்டு வழி 1.5 திருத்தத்தோடு, கொடுத்த தொடு ஆரத்தை நன்றாகவே திருப்பித் தருகிறது. இருள்வட்ட வழி ஒளிமுனை சொன்னபடியே வெளிநோக்கி நகர்கிறது. ஒட்டல் ஆற்றலைக் குறைத்தால் நகர்வு கூடுகிறது. இப்போது மூன்றாவதாக ஒரு வழி எழுதியிருக்கிறேன்: வரம்பு எதுவும் வைக்காமல், ஜே.கே.ஆர். முழு வடிவத்திலிருந்து கணித்த ஒளிச்செறிவை, மங்கலோடு சேர்த்து, அளந்த ஆரச் சராசரியின் மேல் நேரடியாகப் பொருத்துவது. மணி ஆரம், தொடு ஆரம், பின்னணி, ஏற்ற இறக்கத்தின் அளவு என்று நான்கு அளபுருக்கள். உண்மைப் படங்களில் இதுவும் திருத்திய நேர்க்கோட்டு வழியும் நெருங்கி வருகின்றன. இருள்வட்டத்தின் மிகையைத் திருத்திய பிறகும் அது, 1.5 திருத்தம் செய்யாத நேர்க்கோட்டு ஆரத்தைவிடப் பெரியதாகவே இருக்கிறது. எனவே ஜே.கே.ஆர். பக்கம்தான் நிற்கிறேன்.

தள்ளப்பட்டவற்றைப் பார்த்தேன். பின்னம் சொன்னதுதான். பலவீனமான பரப்பில் தள்ளல் விகிதம் தெளிவாக அதிகம், அவற்றில் பெரும்பாலானவை ஆடும் மணிகள். அந்தப் பரப்பின் சராசரி இறங்கப் போகிறது.

இன்னும் ஒன்று புரியவில்லை. மணி படிந்த உடனே எடுத்த படத்தைவிட, சில நிமிடங்கள் கழித்து எடுத்ததில் தொடு ஆரம் பெரிதாக இருக்கிறது. ஜெல்லிலிருந்து நீர் மெதுவாக வெளியேறுவதாலா?

---

மீட்சிவிதி எழுதியது:

நீர் வெளியேற்றமாக இருக்க வாய்ப்பில்லை. தொடு ஆரத்தின் வர்க்கத்தை ஜெல்லின் கூட்டுப் பரவல் கெழுவால் (ஜெல்லுக்குள் நீர் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதன் அளவால்) வகுத்தால் அதற்கான நேரம் கிடைக்கும். 1.5 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு, மெதுவான ஜெல்லாக இருந்தாலும், ஒரு வினாடிக்கும் குறைவு. நிமிடங்கள் என்றால் புரதத்தின் பிணைப்புகள் ஒவ்வொன்றாகக் கூடுகின்றன, அல்லது சங்கிலிகள் மெல்ல இடம் மாறிப் படிகின்றன. அதாவது மாறுவது குணகம் அல்ல, ஒட்டல் ஆற்றலே.

---

ஒளிமுனை எழுதியது:

அந்த முடிவுக்குப் போகும்முன் குவிய நகர்வைச் சரிபாருங்கள். சில நிமிடங்களில் மேடை வெப்பத்தால் நகர்ந்து குவியம் விலகினால் இருள்வட்டம் அகலமாகத் தெரியும். நேர்க்கோட்டு ஆரம் அவ்வளவாக மாறாது. கண்ணாடியில் நிலையாக ஒட்டிய தூசுப் புள்ளி ஒன்றை அதே படத்தில் பின்தொடருங்கள். அதன் அகலம் மாறாமல் இருந்து, மூன்று வழிகளிலும் தொடு ஆரம் சேர்ந்து வளர்ந்தால், வளர்வது ஒட்டுதல்தான். அப்போது நேரத்தை வினாடிகளில் குறித்து, படிந்த கணத்திலிருந்து எண்ணி, ஒவ்வொரு மணிக்கும் தனி வளைகோடு வரையுங்கள். வெவ்வேறு நேரத்தில் படிந்த மணிகளை ஒரே படத்தில் ஒப்பிட்டால் பரப்பின் வேறுபாடும் காத்திருந்த நேரத்தின் வேறுபாடும் கலந்துவிடும்.

---

மென்துகள் எழுதியது:

படிந்த கணம் பதிவில் இருக்கிறது. ஒவ்வொரு மணியும் கண்ணாடியைத் தொடும்போது வளையங்கள் திடீரென நிலைகொள்வது தெரிகிறது. தூசுப் புள்ளியைத் தேடி, அதன் அகலத்தையும் மணிகளின் வளைகோடுகளையும் அடுத்த பதிவில் இடுகிறேன். தள்ளப்பட்ட மணிகளின் பட்டியலையும் நிரலோடு சேர்த்தே வெளியிடுகிறேன்.